கடைசிச் சைக்கிள்காரன்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது. உலகத்தின் அந்தக் கோடியில், பேர் தெரியாத, நாடு தெரியாத ஒரு ஆள் ஒரு சைக்கிள் பந்தயத்தை ஓட்டி முடித்தானா இல்லையா என்று தெரிந்துகொள்ள, ஆடிக் காற்றில் கிளம்பிப் போனவன் நான். துடியலூருக்கு மேற்கே ஒரு ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறினேன். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கிணற்றுத் தகராறுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் வீட்டுக் கச்சாயத்தை மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தின்றேன். எதைத் தெரிந்துகொள்ளப் போனேனோ அதை மட்டும் தெரிந்துகொள்ளாமல் திரும்பினேன். போகும்போது நான் சைக்கிள் மேல் போனேன். வரும்போது சைக்கிள் என் மேல் வந்தது.

அப்போது நான் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஸ்டோரில் இருந்தேன். பேரிங், நட்டு, வாஷர் எடுத்துக் கொடுக்கிற வேலை. குடியிருந்தது துடியலூரில், ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில். கல்யாணமாகி நாலு வருஷம். அதற்குள் இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் பாதியில் கலைந்துபோயின. மூன்றாவது தடவை உண்டாகிக் காட்டப் போனபோது டாக்டரம்மா நீட்டி முழக்கவில்லை.

"படுங்க" என்றார்.

"எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"நான் எந்திரிங்கன்னு சொல்ற வரைக்கும்."

கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தவும் சொன்னார். இந்த மாதிரி வேலை என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். கம்பெனியிலிருந்து ரசமட்டம் எடுத்து வந்து, இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் துளி இறங்கியிருந்ததால் சிகரெட் அட்டையை மடித்துச் செருகினேன். மேலே படுத்திருந்தவள் எட்டிப் பார்த்து, "கட்டலுக்கு மோட்டாரு கீட்டாரு மாட்டப் போறீங்களா?" என்றாள்.

அவள் ஒரு இடத்தில் படுத்துக் கிடக்கிற பிறவி அல்ல. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அங்கே இட்டேரி என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் கள்ளி வேலி நிற்க, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு ஒரு மண் தடம். அந்தத் தடத்தில் அண்ணனுடைய சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கூடம் போய் வந்தவள். கல்யாணமான புதிதில் என் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்துவிட்டு, "நீங்க ஓட்டறது சைக்கிளுங்களா, ரோலருங்களா?" என்று கேட்டாள். நான் பள்ளிக்கூட நாளில் சைக்கிள் பந்தயத்தில் கப் வாங்கியவன் என்று அதற்கு முன்பே அவளிடம் அளந்துவிட்டிருந்தேன். அந்தக் கப்பை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஏழாம் மாதத்தில் கட்டுச்சோறு கட்டி வந்து விருந்து வைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்பதால் அதையும் தள்ளி வைத்தாயிற்று. அவள் அம்மா ஞாயிறுதோறும் வந்து, சமைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடு கறக்கிற நேரத்துக்கு ஊருக்குத் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் நான் வேலைக்குப் போனபின் துணைக்கு இருந்தவர் முன்பக்கத்து வீட்டுக்கார அக்கா. முறத்தில் அவரையையோ மொச்சையையோ போட்டுக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்காருவார். என்னைத் தம்பி என்பார், அவளைக் கண்ணு என்பார்.

படுத்தே கிடப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. கண்ணில் படுகிற எல்லாவற்றோடும் பந்தயம் கட்டுவது. மோட்டுவளையில் ஒரு பல்லி போகும். அது டியூப் லைட்டைத் தாண்டினால் நல்லது நடக்கும் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வாள். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். ஆனால் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வலது கை வயிற்றின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் பல்லி டியூப் லைட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வெகு நேரம் நின்றது. நான் எழுந்து, ஒட்டடை அடிக்கிற சாக்கில், விளக்குமாற்றின் நுனியால் அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்யாணச் சீராக வந்த டி.வி.யைக் கட்டிலுக்கு எதிரில் கொண்டுவந்து வைத்ததற்குக் காரணம் இதுதான். பல்லியைவிட அது தேவலை என்று நினைத்தேன். அது ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம். அக்காவும் அவளும் சேர்ந்து வில்வித்தை, குத்துச்சண்டை, பளு தூக்குவது என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். மலைச் சைக்கிள் ஓட்டத்தை முதல் தடவையாக அந்த வருஷம்தான் ஒலிம்பிக்ஸில் சேர்த்திருந்தார்கள். ஆண்கள் போட்டி நடந்த அன்றைக்கு நான் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, ஓடியாங்க. சைக்கிளு உடறாங்க, ரோட்டையே காணமுங்க."

ஓடிப் போய்ப் பார்த்தால் காடு. சுள்ளென்று வெயில். ஒரு கூட்டம் ஆட்கள் தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் மரங்களுக்கு நடுவில் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறார்கள். பாறை மேல் ஏறுகிறார்கள். வேர் மேல் குதிக்கிறார்கள். ஒருவன் தலைகுப்புற விழுந்து, எழுந்து, எதுவுமே நடக்காத மாதிரி ஏறிப் போகிறான்.

"இதுக்கு ரோடே கெடையாது அம்மணி. காட்டுக்குள்ளதான் ஓட்டோணும். அதே தடத்துல சுத்திச் சுத்தி வருவாங்க" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பேரிங் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிற அளவுதான். ஆனால் வர்ணனையை மொழிபெயர்க்கிற பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நாங்க இட்டேரில பள்ளிக்கோடம் போனதெல்லாம் ஒலிம்பிக்ஸுங்களா?"

"மண்ணப் பாரு கண்ணு, நம்ம காரமடைப் பக்கத்து மண்ணாட்டவே செவந்து கெடக்குது" என்றார் அக்கா.

முன்னால் போன இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விடாமல் துரத்திக்கொண்டிருந்தார்கள். நான் அதில் மூழ்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. அவர்கள் கடந்துபோன பிறகு, கூட்டமெல்லாம் கடந்துபோன பிறகு, காலியான அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் பின்னால், ரொம்பப் பின்னால், ஒருவன் வந்தான். எங்கோ விழுந்திருக்க வேண்டும். சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண். முழங்காலில் ரத்தம். யார், எந்த ஊர் என்று வர்ணனைக்காரர்கள்கூடச் சொல்லவில்லை.

"வந்துட்டான்" என்றாள்.

"மின்னாடி போறவனப் பாக்காம, இந்தக் கடைசில வாரவனப் போயிப் பாத்துட்டிருக்கற?" என்று அக்கா சிரித்தார்.

"மின்னாடி போறவன் நாம பாக்காட்டியும் போயிருவானுங்கக்கா."

அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் மூன்று பேரும் அவனுக்காகக் காத்திருந்தோம். கேமராக்காரன் இரக்கப்பட்டால் ஒரு கணம் காட்டுவான். அக்கா மொச்சை உரிப்பதை நிறுத்திவிட்டார். ஒரு சுற்றில் அவன் தடத்தோரத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மண்டியிட்டு, டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது.

"ஏனுங்க, அத்தன பேரு நிக்கறாங்க, ஒருத்தராச்சும் ஒரு கை புடிக்கலாமல்ல?"

"புடிக்கக் கூடாது. ரூல்ஸு. தண்ணி வேணுமின்னாக் குடுக்கலாம், அதுவும் அதுக்குன்னு இருக்கற எடத்துல. மத்ததெல்லாம் அவனேதான் பாத்துக்கோணும்." இது நிஜமாகவே வர்ணனையில் சொன்னது, எனக்கே ஆச்சரியம், புரிந்துவிட்டது.

அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "சும்மா நிக்கறவுங்களுக்குங் கஷ்டந்தானுங்க" என்றாள்.

நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"டயரு சரியாகலீன்னா?"

"தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான்."

"தூக்கிட்டு வந்தாக் கணக்குல சேப்பாங்களா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. வர்ணனையில் அப்படி ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் அவள் வலது கை வயிற்றின் மேல் போயிருந்தது.

"பின்னே? தாராளமாச் சேப்பாங்க" என்று அடித்துவிட்டேன்.

"இவன் மட்டும் முடிச்சுப்போட்டான்னா..." என்றாள். அக்கா முறத்தைக் குனிந்து பார்த்தார். நான் டி.வி.யைப் பார்த்தேன். அவன் எழுந்தான், ஏறினான், மரங்களுக்குள் போனான். கடைசிச் சுற்று தொடங்கிவிட்டது என்று அடியில் எழுத்து ஓடியது. அந்த நேரம் பார்த்து வெளியே காற்று ஒரு உலுக்கு உலுக்கியது. கரண்ட் போய்விட்டது.

அக்கா தட்டுத் தடுமாறிச் சிம்னி விளக்கை ஏற்றிக் கொண்டுவந்தார். அந்த வெளிச்சத்தில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். இருட்டிப்போன டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. முந்தைய தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே இப்படித்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஆடிக் காத்துக்கு எங்கியாச்சும் கம்பி அறுந்திருக்கும். இன்னைக்கு வந்தாப்பலதான்" என்றார் அக்கா. பிறகு அவரே, "பள்ளத்துக்கு அந்தாண்ட தோட்டத்து ஊட்டுல வேற லைனு. அவிங்க மொட்டை மாடில பெரிய டிஷ்ஷும் வெச்சிருக்காங்க" என்றார். இதை அவர் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"எங்கீங்க?"

"உன்ற ஆளு வந்து சேந்தானான்னு பாத்துட்டு வந்தர்றேன்."

"இந்தக் காத்துலயுங்களா? வேண்டாமுங்க" என்றாள். சொல்லிவிட்டு உடனே, "சுருக்கா வந்துருங்க" என்றாள்.

என்னுடையது கறுப்பு சைக்கிள். எடை விஷயத்தில் எருமைக் கன்றைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மேட்டுப்பாளையம் ரோட்டைச் சுற்றிப் போனால் நல்ல தார் ரோடு. ஆனால் அவ்வளவு நேரமும் அந்தப் பந்தயத்தைப் பார்த்த தலை தார் ரோட்டை நினைக்குமா? இட்டேரியில் விட்டேன். சீட்டை விட்டு எழுந்து, முன்னால் குனிந்து, முழங்கையை அகட்டி, அவர்கள் ஓட்டிய மாதிரியே ஓட்டினேன். சாரல் முகத்தில் அடித்தது. தோட்டத்து நாய் ஒன்று உற்சாகமாகக் கூடவே ஓடிவந்தது. அதைப் பார்வையாளர் கூட்டமாக வைத்துக்கொண்டேன். பள்ளத்து இறக்கத்தில் அவர்கள் பின்பக்கத்தைச் சீட்டுக்கும் பின்னால் தள்ளி இறங்கியது ஞாபகம் வர, நானும் தள்ளினேன். எனக்குப் பின்னால் கேரியர் இருந்தது. அதற்குமேல் விவரிக்க விரும்பவில்லை. பள்ளத்தில் தண்ணீர் இல்லை, சேறு இருந்தது. சட்டையின் ஒரு பக்கம் முழுக்க அப்பிக்கொண்டது.

அந்தத் தோட்டத்து வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், இரண்டு வரிசையாக ஆட்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் சேற்றோடு போய் நின்றதும் இரண்டு வரிசையுமே எழுந்தது.

"வாங்க வாங்க! கால் கழுவீட்டு வாங்க. உக்காருங்க."

சொம்பில் தண்ணீர் வந்தது. சேர் வந்தது. சரியாக இரண்டு வரிசைக்கும் நடுவில் போட்டார்கள். காப்பி வந்தது, தட்டில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வியாதி உண்டு. வீடு தேடி வந்தவனை 'நீங்க யாருங்க' என்று கேட்க வாய் வராது. கேட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிய மாதிரி ஆகிவிடும். வந்தவனுக்கும் வைத்த காப்பியைக் குடிக்காமல் வந்த காரியத்தைச் சொல்ல வாய் வராது. ஆக, நான் யாரென்று அவர்கள் கேட்கவில்லை. ஏன் வந்தேனென்று நான் சொல்லவில்லை. காப்பி கொதித்தது, ஆற்றி ஆற்றிக் குடித்தேன். நடுவில் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டேன்: அவர்கள் பங்காளிகள். தோட்டத்தைப் பாகம் பிரித்துவிட்டார்கள், கிணறு மட்டும் பொது. யார் மோட்டார் எந்த நாளில் ஓடுவது என்பது வழக்கு. இந்த வரிசை என்னை அந்த வரிசை கூட்டி வந்த மத்தியஸ்தன் என்று நினைத்திருக்கிறது. அந்த வரிசை, இந்த வரிசை கூட்டி வந்தவன் என்று.

"நீங்களே சொல்லுங்க" என்றார் ஒருவர், என் பக்கம் திரும்பி. "வாரத்துல நாலு நாளு அவிங்களுக்கு, மூணு நாளு எங்களுக்குன்னா நாயமுங்களா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வாயில் கச்சாயம் இருந்தது. விழுங்கினேன்.

"அது பேசிக்கலாமுங்க" என்றேன். "டி.வி. சித்த போடலாங்களா?"

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆள் ஏதோ பெரிய யுக்தியோடு வந்திருக்கிறான் என்று இரண்டு பக்கத்துக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். இருப்பதிலேயே வயசானவர், "போடச் சொல்லு" என்றார்.

உள்ளே இருந்த இளந்தாரி ஒருவர் டி.வி.யைத் திருப்பி வைத்துப் போட்டார். வாலிபால். சேனலை மாற்றச் சொன்னேன். யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி வாலிபால்.

"சைக்கிளு ஓடுச்சுங்களே, அது?"

"அது அப்பவே முடிஞ்சுதுங்க. எங்கய்யன் பேச்சு நடக்குது அமத்துன்னு சொல்ற வரைக்கும் பாத்தனே."

"கடைசில ஒருத்தன் வந்தானே, செவப்பு மண்ணு அப்புன சட்டை, அவன் வந்து சேந்துட்டானுங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "மொதல்ல வந்தவனைத்தானுங்க காட்டுனாங்க. கடைசில வாரவனை ஆருங்க பாப்பாங்க?"

இதற்குள் தட்டில் இன்னொரு கச்சாயம் விழுந்திருந்தது. பங்காளிகள் இரண்டு வரிசையும் கலைந்து டி.வி.க்கு முன் ஒன்றாக உட்கார்ந்து வாலிபால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம், "எட்டி அடிச்சான் பாருடா" என்றுகூடச் சொன்னார். நான் எழுந்தபோது வயசானவர் வாசல் வரை வந்து, "நீங்க வந்தது நெம்ப நல்லதாப் போச்சுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிணறு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்று வரை தெரியாது.

வாசலுக்கு வந்தால் பின் டயரில் காற்று இல்லை. வேலிமுள் ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே.

தள்ளிக்கொண்டு போகலாம் என்றுதான் பார்த்தேன். பள்ளத்துச் சேற்றில் சக்கரம் சுற்றவே மறுத்தது. எருமைக் கன்றைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். மேடேறினால் மொபெட்டில் எதிரே வந்த ஒருவர் நிறுத்தி, "டயரு போச்சுங்களா? சைக்கிள இங்க போட்டுட்டு ஏறுங்க, ஊட்ல உட்டர்றேன். காலைல வந்து எடுத்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு ரூல்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. "இல்லீங்க, பரவால்லீங்க, நானே வந்தர்றனுங்க" என்றேன். அவர் கொஞ்ச தூரம் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பல்லியோடு பந்தயம் கட்டுகிறவளை மனதுக்குள் கேலி செய்தவன்தான் நான். அன்றைக்கு அந்த இட்டேரியில், சைக்கிள் பார் தோளை அறுக்க, நானும் ஒன்று கட்டினேன். வீடு வரை இதைக் கீழே வைக்காமல் போய்விட்டால் குழந்தை நிற்கும். கொஞ்ச தூரத்திலேயே வலது தோள் தாங்கவில்லை. இடது தோளுக்கு மாற்றும்போது சக்கரம் தரையைத் தொட்டதா இல்லையா என்று எனக்கே எனக்கு ஒரு வழக்கு நடந்தது. தோள் மாற்றுவது கீழே வைப்பதில் சேராது என்று எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இன்னொரு கவலையும் இருந்தது. உள்ளே போனதும் அவள் கேட்பாள். தெரியவில்லை என்று சொல்ல முடியாது. டியூப் லைட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பல்லி அது. தள்ளிவிட்டே ஆக வேண்டும். என்ன சொல்வது என்று நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தேன். சொல்லச் சொல்ல அவன் ஓட்டம் பிரமாதமாக ஆகிக்கொண்டே போனது.

எங்கள் வீதியில் விளக்கெல்லாம் எரிந்தது. அப்பாடா, இப்போதுதான் வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு எதிரில் சைக்கிளைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். டி.வி. அணைந்திருந்தது.

"என்னாச்சுங்க?" என்றாள்.

"முடிச்சுப்போட்டான் அம்மணி!" என்றேன். "என்ன வேகங்கற! கடைசி மேட்டுல சர்ருன்னு ஏறுனான். சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. கோட்டுக்கிட்ட வாரப்ப ஹேண்டில் பார உட்டுப்போட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கி..." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். தூக்க முடியவில்லை, தோள் அப்படி வலித்தது. பாதியில் நின்றது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு கையையும் உட்டுட்டா வந்தான்?"

"ஆமா."

"சைக்கிளத் தள்ளிட்டு நடந்து வாரவன் ரெண்டு கையையும் உட்டா, சைக்கிளு உழுகாதுங்களா?"

தூக்கிய கையைக் கீழே இறக்கினேன்.

"நீங்க வேலியத் தாண்டறதுக்குள்ளயே கரண்டு வந்துருச்சு தம்பி" என்றார் அக்கா. அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. "ஓடியாந்து கத்தறேன், கத்தறேன், நீங்க பாட்டுக்குச் சீட்ட உட்டு எந்திரிச்சு, சைக்கிளத் தூக்கித் தூக்கிப் போட்டுட்டுப் போறீங்க!"

முழுதும் பார்த்துவிட்டார்கள். முதலில் வந்தவனை, கழுத்தில் மெடல் தொங்கியவர்களை, எல்லோரையும். எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில், ஏதோ ஒரு புண்ணியவான் கேமராவைத் தடத்தின் பக்கம் திருப்பியிருக்கிறான். மரங்களுக்குள்ளிருந்து அவன் நடந்து வந்திருக்கிறான், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு. பின் டயர் கிழிந்து தொங்கியதாம். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிளைக் கீழே இறக்கி, அதன் சீட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டினானாம். இருந்த நாலு பேர் கை தட்டினார்கள். அடியில் எழுத்து வந்ததாம், அவன் பேருக்கு நேராக ஒரு நம்பர் போட்டு. கடைசி நம்பர். ஆனால் நம்பர்.

"கணக்குல சேத்துக்கிட்டாங்க" என்றாள். "நீங்க சொன்னாப்பலயே."

நான் அடித்துவிட்டதுதான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. பிறகு கையை நீட்டி என்னைக் கட்டிலோரம் உட்காரச் சொல்லி, என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த கட்டிலில் சரிவாக உட்கார்ந்து, அவள் கை தோளில் இருக்க, நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது ரொம்ப அபூர்வம்.

"கச்சாயம் வாசம் அடிக்குது" என்றாள். "எனக்கு ஒண்ணாச்சும் கொண்டாந்தீங்களா?"

கொண்டுவரவில்லை. ஆனால் வெகு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் தானாகச் சோறு கேட்டாள். அக்கா பிசைந்து கொடுக்க, இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். பல்லி அதற்கப்புறம் எந்தப் பக்கம் போனாலும் அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குழந்தை டாக்டரம்மா சொன்ன நாள் வரை பொறுக்கவில்லை. எட்டாம் மாதம் நிறைவதற்குள் ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. அக்கா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் பண்ண, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நான். வெளியே வந்த நர்சிடம் பாட்டிலை நீட்டினேன். "இப்பத் தண்ணியெல்லாம் குடுக்கக் கூடாதுங்க. ஆபரேசன் பண்ணப் போறாங்க, ஓரமா நில்லுங்க" என்றார். எனக்கு இருந்த ஒரே வேலையும் போய்விட்டது. பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஜோக்கடிப்பவன் என்று பேர் வாங்கியவனுக்கு அன்றைக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை.

பெண் குழந்தை. இரண்டு கையில் அடங்குகிற அளவுதான். வயிற்றைத் திறந்து தூக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் தூக்கிய உடனே கத்தியது என்றார் டாக்டரம்மா. கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டில் வைத்திருந்தார்கள். பார்த்தேன். ஒரு காலைத் தூக்கித் தூக்கி உதைத்துக்கொண்டிருந்தது, பெடல் தேடுகிற மாதிரி.

வார்டு வாசலில் ஆள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா, "சொகப்பிரசவமாகாமப் போச்சே" என்று முந்தானையை நனைத்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதம் படுத்துக் கிடந்தவளுக்கு இது பெரிய குறையாகத் தெரியுமோ என்று எனக்குப் பயம். மயக்கம் தெளிகிற நேரம் உள்ளே விட்டார்கள். உதடெல்லாம் காய்ந்து கண்ணைப் பாதி திறந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த ஆறுதலைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அம்மணி, பாப்பா நல்லா இருக்கறா. நீயாப் பெக்க முடியல, ஆபரேசன் பண்ணித்தான் தூக்க வேண்டியதாப் போச்சுன்னு நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத..."

"தூக்கிட்டு வந்தாலுங் கணக்குத்தானுங்க" என்றாள்.